பெட்டியோடு வந்த பல்பு

சேசு மரி சூசை துணை

பெரியதாழை
20-1-1975

அன்புள்ள தம்பி வில்பிரட்டுக்கு அக்கா ஞானசௌந்தரி எழுதுவது. நான், உன் அத்தான், மூத்தவள் கிரேசி, சின்னவள் அல்போன்சா நாலு பேரும் சுகமாக இருக்கிறோம். குவைத்தில் குளிர் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். ஸ்வெட்டர் வாங்கினாயா என்று கேட்டதற்கு மட்டும் பதிலே இல்லை.

அத்தானின் முறிந்த கால் கூடிவிட்டது. ஆனால் இனிமேல் வள்ளத்தில் நின்று தொழில் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மாதமாக மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கரையில் வள்ளம் வந்து ஏறுகிற சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். கால் முறிந்ததைவிட அந்தப் போர்வைதான் எனக்குப் பயமாக இருந்தது.

போன வாரம் திடீரென்று எழுந்து சவரம் செய்துகொண்டு தூத்துக்குடிக்குப் போனார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த இறால் ஷெட்டில் சாமான்களை ஏலம் விட்டார்களாம். ஐஸ் உடைக்கிற மெஷின் ஒன்றை மோட்டாரோடு எடுத்து, ஐஸ் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். இங்கே இப்போது ஐஸ் பாரைக் கட்டையால் அடித்துத்தான் உடைக்கிறார்கள். அடித்து முடிப்பதற்குள் பாதி தண்ணீராகிவிடுகிறது, மீனும் கெட்டுப்போகிறது. மெஷின் இருந்தால் மீன்பாடு கொண்டுவருகிற எல்லாரும் அவரைத் தேடித்தானே வர வேண்டும்?

எல்லாம் சரி. அந்த மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் வேண்டுமாம். நம் ஊருக்கு இதுவரை இழுத்திருப்பது இரண்டு. மூன்றாவது கம்பிக்கு எழுதிக் கொடுத்தால் வரிசைப்படிதான் வரும், ஒரு வருடம் ஆகலாம் என்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் இதைக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் உன் அத்தான் இல்லையே. "நம்ம சிலுவை, மோட்டாரை மாலைபோட்டுக் கும்புடப் போறான்"னு ஊரே சிரிக்கிறது. அவர் மறுபடியும் போர்வையைத் தேடுகிறார்.

தூத்துக்குடியில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற இசக்கியப்பன் என்பவர், கன்வெர்ட்டர் என்று ஒன்று வைத்தால் இரண்டு ஃபேஸிலேயே ஓட்டலாம் என்றாராம். அதில் இரண்டு வகை இருக்கிறதாம். எதை எடுப்பது என்று நீதான் சொல்ல வேண்டும். சீக்கிரம் எழுது.

உன் அக்கா
ஞானசௌந்தரி


குவைத்
9-2-1975

அன்பு அக்காவுக்கு வில்பிரட்டின் வணக்கம். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன். அறையில் என்னோடு தங்கியிருக்கிற காயல்பட்டினத்து யூசுப் அதைப் போட்டுக்கொண்டு திரிகிறான், அவ்வளவுதான்.

அத்தான் எழுந்து உட்கார்ந்தாரே, அதுவே போதும். மோட்டாரைக் கும்பிட வேண்டாம், ஓட்டலாம். இரண்டு வகை என்று இசக்கியப்பன் சொன்னது உண்மைதான். ஒன்று ரோட்டரி. இன்னொரு பழைய மோட்டாரைச் சும்மா சுற்ற விட்டு, அதிலிருந்து மூன்றாவது ஃபேஸை எடுப்பது. இன்னொன்று ஸ்டாடிக். அதில் சுற்றுகிறது எதுவும் இல்லை. ஒரு பெட்டிக்குள் கண்டென்சர்கள் இருக்கும், அவ்வளவுதான். பட்டனை அமுக்கினால் மோட்டாரைத் தள்ளிவிடும், வேகம் பிடித்ததும் பட்டனை விட்டுவிட வேண்டும். மோட்டாரின் முழு பலம் கிடைக்காது, மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். ஐஸ் உடைக்க அது போதும்.

எத்தனை எச்.பி. என்று மோட்டாரின் தகட்டைப் பார்த்து எழுதச் சொல். ஒரு நாளில் எத்தனை தடவை நிறுத்தி ஓட்டுவார், மெஷினில் ஐஸைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்வாரா, வெறுமனே ஓடவிட்டுப் பிறகு போடுவாரா என்பதும் தெரிய வேண்டும். இதெல்லாம் தெரியாமல் கன்வெர்ட்டர் எடுத்தால் அளவு பார்க்காமல் செருப்பு வாங்கின மாதிரிதான். அதுவரை யாரிடமும் எதுவும் வாங்க வேண்டாம் என்று சொல்.

உன் தம்பி
வில்பிரட்


பெரியதாழை
3-3-1975

பிரியமுள்ள மாப்பிள்ளை வில்பிரட்டுக்கு சிலுவை எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் எல்லாரும் நலம். கால் மட்டும் மழை வருகிறதா இல்லையா என்று எனக்கு முன்கூட்டியே சொல்லுகிறது.

நீர் கேட்டதற்குப் பதில். மோட்டார் ஐந்து எச்.பி. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓடும். வெறுமனே ஓடவிட்டுத்தான் ஐஸ் போடுவேன். அந்த அளவுக்கு எனக்கும் மூளை இருக்கிறது.

மறுபடியும் இசக்கியப்பனைப் பார்த்தேன். அவர் ரோட்டரிதான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். "அண்ணாச்சி, பழைய மோட்டார் ஒண்ணு தாரேன். கயித்தைச் சுத்தி ஒரு இழுப்பு இழுங்க. அது ஓட ஆரம்பிச்சிட்டா மூணாவது ஃபேஸை அதுவே தந்துரும். எடத்தை அடைக்கும், சத்தம் போடும், கரண்டும் கொஞ்சம் தின்னும். ஆனா ஏமாத்தாது. நின்னா நின்னதுதான், ஓடுனா ஓடுனதுதான்" என்றார்.

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. கயிறு இழுப்பது எனக்குத் தெரிந்த வேலை. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நீர் படித்தவர். யோசித்து எழுதும்.

இப்படிக்கு
சிலுவை


குவைத்
24-3-1975

மரியாதைக்குரிய அத்தானுக்கு வில்பிரட்டின் வணக்கம். அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இசக்கியப்பன் நல்லவராக இருக்கலாம். ஆனால் கடையில் கிடக்கிற பழைய மோட்டாரை யார் தலையிலாவது கட்டப் பார்க்காத கடைக்காரர் உண்டா? நான் ஏழு வருடமாகக் கப்பல் மோட்டார்களோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். பெட்டியை நானே செய்துவிட்டேன், அத்தான். கண்டென்சர்கள் எங்கள் ஒர்க்ஷாப்பில் எடுத்தவை. முதல் தரம்.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்லுகிறேன். அப்பா அடக்கத்துக்கு நான் வரவில்லை. உங்கள் கால் முறிந்தபோதும் வரவில்லை. வருகிறவர்கள் கையில் சென்ட்டும் டார்ச் லைட்டும் கொடுத்து அனுப்புகிறவனாகவே இருந்துவிட்டேன். இந்த ஒரு காரியத்தையாவது என் கையால் செய்ய விடுங்கள். இரண்டாவது மோட்டார் ஒன்றைப் பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்ப முடியாது. இதை அனுப்ப முடியும்.

ஊருக்கு வருகிற மணப்பாட்டு ஹென்றி சொன்ன தேதிக்கு மூன்று நாள் முன்னதாகவே கிளம்புகிறான். இப்போது வாசலில் நின்று அவசரப்படுத்துகிறான். பெட்டி, ஒரு பல்பு, அதற்கு ஹோல்டரும் கம்பியும், பெட்டியை மோட்டாரோடு இணைக்கிற விதத்தைக் காட்டுகிற படம் எல்லாம் அவனிடம் தருகிறேன். படத்தைப் பார்த்து இசக்கியப்பனே மாட்டித் தரட்டும். படத்தைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே சுவரில் ஒட்டிவையுங்கள், எப்போதும் கண்ணில் பட வேண்டும். எழுதியிருப்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

உங்கள்
வில்பிரட்


சேசு மரி சூசை துணை

பெரியதாழை
14-5-1975

ஆசைத் தம்பிக்கு அக்காவின் முத்தம். நாலு பேரும் சுகம் என்று இந்தத் தடவை சும்மா எழுதவில்லை, நிஜமாகவே எழுதுகிறேன்.

மெஷின் ஓடுகிறது! பங்குச் சாமியார் வந்து மெஷின் வைத்த ஷெட்டை ஜெபம் சொல்லி மந்திரித்தார். அத்தான் பட்டனை அமுக்கினார். மோட்டார் முதலில் முக்கியது, பிறகு முனகியது, அப்புறம் ஒரே ஓட்டம். ஐஸ் பார் உள்ளே போய்ப் பொடியாக வந்து விழுந்தபோது சிரித்த ஆட்கள் எல்லாம் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். "ஏலே, வரிசையா வாங்கலே, தள்ளாதீங்க"ன்னு அவர் அதிகாரம் பண்ணினதை நீ பார்த்திருக்க வேண்டும். இசக்கியப்பன்கூட, "மூடிக் கெடக்குற பெட்டி, உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. ஆனா வேலை சுத்தமா இருக்கு"ன்னு சொன்னார். போர்வையை மடித்துப் பரணில் போட்டுவிட்டேன்.

படத்தை நானே மைதாப் பசை காய்ச்சி, நான்கு ஓரமும் எழும்பாமல் சுவரில் ஒட்டினேன். சாமி படம் மாதிரி இருக்கிறது. நீ அனுப்பிய பல்பை வீட்டில் மாதா சுரூபத்துக்கு முன்னால் போட்டிருக்கிறோம். வெளிநாட்டுப் பல்பு என்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

இங்கே தினமும் மத்தியானம் கரண்டை நிறுத்திவிடுகிறார்கள். அதுவும் நல்லதுக்குத்தான். கடல் காற்றில் பெட்டிக்குள்ளே எல்லாம் உப்புப் பூத்துவிடுகிறது. கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து அத்தான் பெட்டியைத் திறந்து துணியால் துடைத்து வைக்கிறார். கரண்ட் இருக்கும்போது அந்தப் பக்கமே பிள்ளைகளை விடுவதில்லை. அவ்வளவு கவனம்.

நீ எப்போது வருவாய்? கிரேசிக்கு உன் முகமே மறந்துவிட்டது.

அக்கா
ஞானசௌந்தரி


குவைத்
1-6-1975

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. சுகம் விசாரிக்க நேரமில்லை. தந்தியில் நாலு வார்த்தையில் சொன்னால் புரியாது என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். இதை வாசித்ததும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடு.

அத்தான் பெட்டியைத் திறக்கக் கூடாது. லைனில் கரண்ட் இல்லாவிட்டாலும் கண்டென்சருக்குள் கரண்ட் தங்கி நிற்கும். ஸ்டார்ட் செய்துவிட்டு நிறுத்திய பிறகும் நாள்கணக்கில் நிற்கும். ஒரு ஆளைக் கொல்ல அது போதும். படத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேனே, வாசிக்கவில்லையா? அந்தப் பல்பு வெளிச்சத்துக்கு அனுப்பியது இல்லை. பெட்டிக்குள் கை வைப்பதற்கு முன்னால் பல்பின் இரண்டு கம்பிகளையும் கண்டென்சரின் இரண்டு முனையிலும் வைக்க வேண்டும். தங்கியிருக்கிற கரண்ட் பல்பு வழியாக வடிந்துவிடும். பல்பு மினுங்கி அணைந்த பிறகுதான் தொடலாம். மாதாவிடமிருந்து அதை வாங்கி அத்தான் கையில் கொடு.

செய்துவிட்டேன் என்று ஒரு வரி உடனே எழுது.

வில்பிரட்


பெரியதாழை
12-6-1975

தம்பி,

தந்தி கிடைத்திருக்கும். உன் அத்தான் நம்மை விட்டுப் போய்விட்டார். ஒன்பதாம் தேதி மத்தியானம். நேற்று முன்தினம் அடக்கம் முடிந்தது.

காலையில் மெஷின் ஓட்டினார், சாப்பிட்டார். கரண்ட் போனதும் ஷெட்டுக்குப் போனார். கிரேசி டீ கொண்டுபோனாள். பெட்டிக்கு முன்னால் துணியும் கையுமாக விழுந்து கிடந்தார். பிள்ளை போட்ட கூச்சல் கரைவரை கேட்டது. தூக்கிக்கொண்டு ஓடினோம், உயிர் இல்லை. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். கரண்ட் அடித்திருக்குமோ என்று இசக்கியப்பன் ஒரு வார்த்தை கேட்டார். "ஊருலயே கரண்டு இல்ல, பெறவு எப்படி அடிக்கும்?"னு எல்லாரும் அவர் வாயை அடைத்துவிட்டார்கள். அதுவும் சரிதானே.

குளிப்பாட்டும்போது வலது கையில் இரண்டு விரல் நுனியில் கருப்பாகப் பொட்டு மாதிரி இருந்தது. பீடி சுட்டிருக்கும். இரண்டு மாதமாகத்தான் மறுபடியும் மனுஷனாக நடமாடினார். அந்த இரண்டு மாதத்தையாவது கொடுத்தது நீதான், தம்பி. நீ நல்லா இருக்க வேண்டும்.

அக்கா


(இந்தக் கடிதம் தபாலில் போடப்படவில்லை.)

பெரியதாழை
23-6-1975

வில்பிரட்,

நீ ஒன்றாம் தேதி எழுதிய கடிதம் இன்று வந்தது. "ஷெட்டுக்கு ஓடு" என்று எழுதியிருந்தாய். ஓடினேன். யாருக்காக ஓடினேன் என்று தெரியவில்லை.

சுவரில் ஒட்டிய படத்தின் மேல் தண்ணீரை ஊற்றி ஊற ஊற உரித்தேன். பசையை நல்ல கெட்டியாகக் காய்ச்சியிருந்தேன். பாதி கிழிந்துதான் வந்தது. பின்பக்கத்தில் உன் கையெழுத்து கலங்கிப்போய் இருந்தது. "லைன் இல்லாவிட்டாலும்" என்ற இரண்டு வார்த்தையை வாசித்தேன். அதற்குமேல் வாசிக்க வேண்டியதில்லை.

செத்துக் கிடக்கிற திருக்கை மீன் வாலைக்கூடத் தொடாதே, அதன் முள் சாகாது என்று பிள்ளைகளுக்கு அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். செத்த பெட்டியும் அப்படித்தான் என்று அவருக்குச் சொல்ல ஒரு காகிதம் வந்தது. அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி ஒட்டியவள் நான். பல்பைப் பிடுங்கி மாதாவுக்குப் போட்டவளும் நான். அந்தப் பல்பு இன்றைக்கும் எரிகிறது. அதன் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன்.

இதை உனக்கு எப்படி அனுப்புவேன்? உன் கையால் செய்த ஒரே காரியம் என்று எழுதினாயே. அங்கே தனியாகக் கிடக்கிறவனிடம் உன் பெட்டிதான் அவரைக் கொன்றது என்று எப்படிச் சொல்வேன்? என்னோடு போகட்டும்.


பெரியதாழை
23-6-1975

அன்புத் தம்பிக்கு,

நானும் பிள்ளைகளும் இருக்கிறோம். பெட்டியைப் பற்றி நீ பயந்து எழுதியது இன்று கிடைத்தது. பயப்படாதே. பின்பக்கத்தில் எழுதியதை வாசித்துவிட்டுத்தான் ஒட்டினோம். பல்பு வைத்துப் பார்க்காமல் அவர் ஒரு நாளும் பெட்டியைத் தொட்டதில்லை. நானே பார்த்திருக்கிறேன். அது மாரடைப்புதான். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


குவைத்
14-9-1975

அன்பு அக்காவுக்கு வில்பிரட் எழுதுவது.

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. வேலை அதிகம். மாரடைப்பு யாருக்கு எப்போது வரும் என்று யாரால் சொல்ல முடியும்? மனதைத் தேற்றிக்கொள். பெட்டி இல்லாமலேயே ஐஸ் வேலையை நடத்த முடியுமா என்று பார். வேண்டாம் என்றால் மெஷினை விற்றுவிடு. பெட்டியைத் திறக்காதே, யாரையும் திறக்க விடாதே.

இன்னொரு விஷயம். யூசுப்பின் தங்கை ஆயிஷாவின் மாப்பிள்ளை காஜா காயல்பட்டினத்துக்கு வெளியே மாவு மில் போடுகிறார். அங்கேயும் மூன்றாவது ஃபேஸ் வரவில்லையாம். நம் மெஷின் ஓடியபோது நான் யூசுப்பிடம் பெருமை அடித்திருந்தேன். அதே மாதிரி ஒன்று செய்துகொடு என்று விடாமல் கேட்டான். முடியாது என்றால் ஏன் என்று கேட்பான். செய்து கொடுத்துவிட்டேன். அக்டோபர் முதல் வாரம் அவன் கொண்டுவருகிறான். பிள்ளைகளுக்கு மிட்டாய் அவனிடம் அனுப்பியிருக்கிறேன்.

வில்பிரட்


பெரியதாழை
20-10-1975

தம்பி வில்பிரட்டுக்கு,

பிள்ளைகள் சுகம். என்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

உன் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. அதே மாதிரி பெட்டி என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆயிஷா யார், எப்படி இருப்பாள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அவள் மாப்பிள்ளையும் ஒரு மத்தியானம் கரண்ட் இல்லை என்று பெட்டியைத் திறப்பார். என் வாய் மூடியிருந்ததால் அவளும் என்னைப்போல உட்கார வேண்டுமா? உனக்கு எழுதிப் பதில் வர ஒரு மாதம் ஆகும். மறுநாளே தூத்துக்குடி போய் இசக்கியப்பனைக் கூட்டிக்கொண்டு காயல்பட்டினம் போனேன்.

ஆயிஷா சின்னப் பெண். என் கறுப்புச் சேலையைப் பார்த்ததுமே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். "யூசுப் காக்கா பெட்டியை நேத்துதான் கொண்டுவந்தாக, லாத்தா. இன்னும் மாட்டலை. ஏன், என்ன?" என்று அக்காவிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். அப்போதுதான் முதல் தடவையாக என் வாயால் சொன்னேன். உன் அத்தான் மாரடைப்பில் சாகவில்லை. பெட்டியில் தங்கியிருந்த கரண்ட் கொன்றது. படத்தை நான் பின்பக்கம் மறையும்படி ஒட்டிவிட்டேன். பல்பை மாதாவுக்குப் போட்டுவிட்டேன். அவர் ஒரு நாளும் பல்பு வைத்துப் பார்த்ததில்லை. ஜூன் மாதம் உனக்கு நான் எழுதியது அத்தனையும் பொய். ஆயிஷா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

அதற்குள் ஆண்கள் பக்கத்தில் காஜா கேட்டுக்கொண்டதால் இசக்கியப்பன் புதுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தா பாருங்கம்மா, கண்டென்சருக்குக் குறுக்க ரெண்டு ரெசிஸ்டர் வச்சுப் பத்தவச்சிருக்காரு. இது இருந்தா நிறுத்துன கொஞ்ச நேரத்துல கரண்டு தானா வடிஞ்சிரும். பல்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அண்ணாச்சி போன மறுநாள் உங்க பெட்டியையும் பாத்தேன். அதுல இது இல்ல. மனசு கேக்காமத்தான் அன்னைக்கி அந்த வார்த்தையைக் கேட்டேன்" என்றார்.

தம்பி, நாலு மாதமாக ராத்திரி பகல் என்று பார்க்காமல் என்னையே நான் சபித்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியக் கூடாது என்று எல்லாரிடமும் பொய் சொன்னேன். இப்போது நீ எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். ஆயிஷாவின் பெட்டியில் அது ஏன் இருக்கிறது? என் பெட்டியில் அது ஏன் இல்லை? சுற்றி வளைக்காமல் எழுது.

நான் சுகமாக இல்லை.

ஞானசௌந்தரி


குவைத்
4-1-1976

அக்கா,

இது ஐந்தாவது தடவை எழுதுவது. நாலைக் கிழித்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்குக் கோவிலுக்குப் போகவில்லை.

உன் பெட்டிக்கும் இரண்டு ரெசிஸ்டர் எடுத்து வைத்திருந்தேன். என் மேஜையிலேயே இருந்தன. பற்றவைக்க அரை மணி நேரம் போதும். ஹென்றி மூன்று நாள் முன்னதாகக் கிளம்புகிறேன் என்று வந்து நின்றான். அவனை விட்டால் அடுத்த ஆள் கிடைக்க இரண்டு மாதம் ஆகும். அதற்குள் அத்தான் இசக்கியப்பனிடம் ரோட்டரி வாங்கிவிடுவார், என் பெட்டி வேண்டாம் என்று ஆகிவிடும். அதுதான் என் கவலை. அவருக்கு எது நல்லது என்று நான் நினைக்கவில்லை. அவரைத் தூக்கி நிறுத்தியவன் நானாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ரெசிஸ்டருக்குப் பதிலாக ஒரு பல்பையும், பின்பக்கத்தில் நாலு வரியையும் போட்டு அனுப்பினேன். இன்னொரு தாள் எடுத்து எழுதியிருந்தாலும் போதும். அதே தாளைத் திருப்பி எழுதிவிட்டு, சுவரில் ஒட்டச் சொன்னவனும் நான்தான். நீ நான் சொன்னதைத்தான் செய்தாய்.

இன்னும் ஒன்று. கருப்புப் பொட்டு என்று எழுதினாயே, அதை வாசித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பீடி அப்படிச் சுடாது. அதற்குப் பிறகு, பல்பு வைத்துத்தான் தொட்டார் என்று நீ எழுதினாய். பொய் என்று தெரிந்தும் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாய். நான் உன்னைத் தனியாகச் சாகவிட்டு அந்தப் பொய்க்குள் ஒளிந்துகொண்டேன். மூன்று மாதம் பதில் எழுதாததற்கு வேலை காரணம் இல்லை.

என்னை மன்னி என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கிரேசியிடம் என்ன சொல்லப் போகிறாய்? இனி நான் ஊருக்கு வராமல் இருப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

வில்பிரட்


சேசு மரி சூசை துணை

பெரியதாழை
11-2-1976

வில்பிரட்டுக்கு அக்கா எழுதுவது.

மூன்றாவது கம்பி போன வாரம் வந்துவிட்டது. போன வருடமே உன் அத்தான் எழுதிக் கொடுத்த மனுதான், வரிசைப்படி வந்தது. இசக்கியப்பன் வந்து கம்பியை நேராக மோட்டாருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பட்டனும் இல்லை, பெட்டியும் இல்லை. சுவிட்சைப் போட்டால் ஓடுகிறது. ஒரு வருடம் அவரைப் போர்வைக்குள்ளேயே படுக்க விட்டிருந்தால் இன்றைக்கு அவர்தான் சுவிட்சைப் போட்டிருப்பார். இப்போது நான்தான் ஓட்டுகிறேன். வரிசையில் யாரும் தள்ளுவதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பெட்டியைக் கடலில் போடச் சொன்னார்கள். போடவில்லை. ஷெட்டு மூலையில் அப்படியே இருக்கிறது. மாதாவுக்குப் போட்ட பல்பையும் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டேன். அதில் இன்னும் கரண்ட் இருக்குமா என்று இசக்கியப்பனிடம் கேட்டேன். "இல்லம்மா, இருந்ததெல்லாம் அண்ணாச்சி கை வழியாப் போயிட்டு"ன்னு சொன்னார்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று மறுபடியும் ஒரு பொய் எழுத மாட்டேன். உன் கடிதத்தைக் கிரேசிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு நாள் கழித்து, "மாமா வந்தா எங்க படுப்பாக?" என்று கேட்டாள்.

வராமல் இருப்பது நல்லது என்று எழுதியிருக்கிறாய். அது உனக்கு நல்லது. எங்களுக்கு இல்லை. நீ வர வேண்டும். உன் கையால் அந்தப் பெட்டியைத் திறந்து, துடைத்து, அதில் இல்லாததைக் கிரேசிக்குக் காட்டிச் சொல்ல வேண்டும். அதுவரை நான் கோபமாகத்தான் இருப்பேன். கோபத்தோடேயே உனக்குச் சோறும் போடுவேன்.

ஜூன் ஒன்பது அவருக்கு வருடத் திருப்பலி. அதற்குள் வந்து சேர். பரணில் இருந்த போர்வையைத் துவைத்து உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் அக்கா
ஞானசௌந்தரி